குளிரு போட்டோவுல விழாது

ஜனவரி முதல் வாரம், ஒரு புதன்கிழமை. காலையில ஆறே கால் மணி. வெலிங்டன்லேர்ந்து கொஞ்ச தூரத்துல ஒரு தேயிலைச் சரிவு. நான், என் அக்கா பொண்ணு, அவளுக்கு நிச்சயம் பண்ணியிருக்குற மாப்பிள்ளை, கோயம்புத்தூர்லேர்ந்து கேமராவோட வந்த ரெண்டு பசங்க. எல்லாருமே வாயைத் தொறந்தா புகை. பொண்ணு மட்டும் மெல்லிசான ஜார்ஜெட் புடவையில கையைக் கட்டிக்கிட்டு வெடவெடன்னு நடுங்கிட்டு நிக்கிறா.

"அக்கா, அந்த ஷாலை மட்டும் எடுத்துருங்க. ஒரே நிமிஷம். குளிரு போட்டோவுல தெரியாதுக்கா"ன்னான் கேமரா தம்பி.

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. முப்பத்தஞ்சு நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே வசனத்தை எங்க சித்தப்பா வாயால நூறு தடவை கேட்டிருக்கேன். அவர் சொல்றது இன்னும் கொஞ்சம் அழகா இருக்கும். "குளிரு போட்டோவுல விழாதும்மா."

அன்னைக்கு ஆரம்பிச்ச கொசுவத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க :-)

முதல்ல, நான் ஏன் அங்க போய் நின்னேன்னு சொல்லணும். இந்த 'அவுட்டோர் ஷூட்' பேச்சு எடுத்தப்பவே வீட்டுல பெரிய ரகளை. எங்கம்மா ஒரே போடாப் போட்டாங்க: "தாலி ஏறுறதுக்கு முன்னாடி ஜோடியா நின்னு படமா? நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அந்தப் படத்தை எங்க கொண்டு போய் ஒளிக்கிறது? அதுவும் மார்கழியில!" பொண்ணு பதிலுக்கு, "பாட்டி, நீயும் தாத்தாவும் சேர்ந்து எடுத்த படம் மொத்தம் எத்தனை?"ன்னா. அம்மா வாயடைச்சுப் போயிட்டாங்க. கடைசியில, "மாமன் கூடப் போகட்டும்"ங்கிற நிபந்தனையோட அனுமதி. ஆக, நான் போனது காவலுக்கு. ஹிஹி.

ஆனா ரெண்டு பேர் கேள்வியும் நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல ஜோடிப் படம்னு ஒண்ணு எப்ப வந்துச்சு? அது எப்ப வெட்டவெளிக்கு வந்துச்சு? அதுவும் எப்படி கல்யாணத்துக்கு முன்னாடி வந்து உக்காந்துச்சு?

துணியில் ஒரு மலை

எங்க தாத்தா அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில வேலை பார்த்தவர். அவரும் பாட்டியும் சேர்ந்து இருக்குற படம் மொத்தமே ஒண்ணுதான். அவர் நாற்காலியில, பாட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு. பின்னாடி மலை, ஏரி, கொக்கு. ஊட்டியில எடுத்ததுன்னு நினைச்சிடாதீங்க. கோயம்புத்தூர் ஸ்டூடியோவுல துணியில வரைஞ்சு தொங்க விட்ட மலை. மலையிலேயே குடியிருந்த மனுஷன், கீழ எறங்கிப் போய், வரைஞ்ச மலைக்கு முன்னாடி உக்காந்து படம் எடுத்துக்கிட்டு மறுபடி மலையேறி வந்திருக்கார்!

சிரிப்பா இருந்தாலும் அன்னைய வழக்கம் அதுதான். ஜோடிப் படம்ங்கிறது ஆசைக்கு எடுக்குறது இல்ல. கல்யாணம் ஆயிடுச்சுங்கிறதுக்கு ஒரு அத்தாட்சி. அதனால அது கல்யாணத்துக்கு அப்புறம்தான் வரணும். அதுக்கு முன்னாடி எடுக்குறது பொண்ணை மட்டும் தனியா நிக்க வெச்சு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புற படம். நிச்சயதார்த்தத்துல தட்டு மாத்துறது பெரியவங்க. பல சமூகங்கள்ல மாப்பிள்ளை அந்த இடத்துக்கே வரமாட்டார். அப்புறம் எங்கேர்ந்து ஜோடிப் படம் எடுக்குறது?

அதனால, 'நிச்சயதார்த்த ஜோடிப் படம்'ங்கிற பேரே எங்கம்மா காதுக்கு இடிச்சதுல தப்பில்ல. எந்த வரிசையில அவங்க வாழ்க்கை நடந்துச்சோ, அந்த வரிசையையே இது தலைகீழாக்குது.

முதல்ல வெட்டவெளியில நின்னவங்க

சரி, நீலகிரியில வெட்டவெளியில முதல்ல கேமரா முன்னாடி நின்னது யாரு? தேனிலவு ஜோடி இல்ல. வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் நிறைய எடுத்துக்கிட்டாங்க, ஆனா அதைவிட அதிகமா உலகம் சுத்தினது தோடர்களோட படம்.

1860கள், 70கள்ல போட்டோங்கிறது லேசுப்பட்ட வேலை இல்ல. ஈரக் கொலோடியன்னு ஒரு முறை, 1851ல வந்தது. கண்ணாடித் தகட்டுல மருந்தைப் பூசி, அது காயறதுக்குள்ள படம் எடுத்து, காயறதுக்குள்ளயே கழுவணும். அதிகபட்சம் பத்து பதினஞ்சு நிமிஷம். அதனால இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடு, மருந்து பாட்டில், தண்ணி எல்லாத்தையும் மலை மேல சுமந்துட்டுப் போகணும். சுமந்தது கூலியாளுங்க. அவங்க எந்தப் படத்துலயும் பேரோட இருக்க மாட்டாங்க. எதிர்ல நிக்கிறவங்க சில வினாடியாவது ஆடாம அசையாம நிக்கணும். பனிக்காத்துல நின்னு பாருங்க, தெரியும்.

பூர்ன் அண்ட் ஷெப்பர்ட், மெட்ராஸ்லயும் ஊட்டியிலயும் கடை வெச்சிருந்த நிக்கோலஸ் கம்பெனி, அப்புறம் ஊட்டியிலேயே தங்கி ஸ்டூடியோ நடத்தின ஏ.டி.டபிள்யூ. பென், இவங்கள்லாம் அந்தக் காலத்துப் பெரிய ஆளுங்க. 1873ல ஒரே வருஷத்துல ரெண்டு புத்தகம் வந்துச்சு. ஒண்ணு நீலகிரியோட முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதினது. இன்னொண்ணு மார்ஷல்னு ஒரு ராணுவ அதிகாரி எழுதினது. அவர் தோடர்கள் மத்தியில போய் மண்டையோட்டு அளவை வெச்சு மனுஷனோட குணத்தைக் கண்டுபிடிக்கிறேன்னு கெளம்பினவர். அந்த 'சாஸ்திரம்' சுத்தப் பொய்னு பின்னாடி உலகமே தூக்கி எறிஞ்சிடுச்சு. படங்கள் மட்டும் தங்கிடுச்சு. மந்துக்கு முன்னாடி, புத்துக்குளியைப் போர்த்திக்கிட்டு, ஆணும் பொண்ணுமா நேராப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. யாரும் அவங்களை 'சிரிங்க'ன்னு சொல்லல. 'போஸ் புடிச்சிருக்கா'ன்னும் கேட்டிருக்க மாட்டாங்க.

இதுல ஒரு வேடிக்கை. நாம இன்னைக்கு 'அவுட்டோர்'னு புதுசா கண்டுபிடிச்ச மாதிரி பேசுறோம். தோடர்கள் கல்யாணத்துல முக்கியமான சடங்கே வெட்டவெளியில, ஒரு மரத்தடியிலதான் நடக்கும். முதல் தடவை கர்ப்பமா இருக்குற பொண்ணுக்கு அவ புருஷன் சின்னதா ஒரு வில்லும் அம்பும் செஞ்சு குடுப்பான். மரத்துல மாடம் மாதிரி வெட்டி விளக்கு வெப்பாங்க. ரிவர்ஸ் 1906ல எழுதின புத்தகத்துல இதை விவரமா சொல்லியிருக்கார். ஜோடியா சேர்ந்து வாழுறது முன்னாடி, ஊரறியச் சடங்கு பின்னாடி! வரிசைங்கிறது ஊருக்கு ஊர் மாறும்னு நம்ம மலையே சொல்லிட்டிருக்கு. எங்கம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அது அவங்க வழக்கம், இது நம்ம வழக்கம்"னு முடிச்சிட்டாங்க.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடைச்சது. இப்ப ஷூட்டுக்கு வர்ற ஜோடிங்க அந்தக் கறுப்பு சிவப்புப் பூவேலை சால்வையைப் போர்த்திக்கிட்டு நிக்கிறதும் உண்டு. 1873 படத்துல போர்த்தியிருந்தவங்களுக்கு அது குளிருக்கு. இப்ப போர்த்துறவங்களுக்கு அது கலருக்கு.

அதென்ன குளிர்காலத்துல?

வெள்ளைக்காரனுக்கு நீலகிரின்னா கோடை. கவர்னர், கச்சேரி, கோப்பு எல்லாம் மெட்ராஸ் வெயிலுக்குப் பயந்து மலையேறும். 'சீசன்'ங்கிற வார்த்தையே அதுலேர்ந்துதான் ஒட்டிக்கிச்சு. குளிர்காலத்துல மலையில மிஞ்சுறது எஸ்டேட்காரங்களும் வெலிங்டன் சிப்பாய்களும்தான். (வெலிங்டனுக்கு முந்தைய பேரு ஜக்கதளா. பாரக்ஸ் கட்டினப்புறம் பிரபுவோட பேரை வெச்சுட்டாங்க. ஜெகதளா கிராமம் இன்னும் பக்கத்துலயே இருக்கு. 1947ல குவெட்டாவுலேர்ந்து ஸ்டாஃப் காலேஜ் இங்க வந்து சேர்ந்துச்சு.)

நம்ம ஜோடிங்க குளிர்காலத்துல வர்றதுக்குக் காரணம் வேற. பஞ்சாங்கம்! மார்கழியில முகூர்த்தம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில நிச்சயம் பண்ணினவங்களுக்கு தை, மாசியில கல்யாணம். நடுவுல ஒரு மாசம் சும்மா இருக்கு. போட்டோகிராபருக்கும் மண்டப வேலை இல்ல. எங்கம்மா எந்த மாசம் ஆகாதுன்னாங்களோ, அதே மாசத்தாலதான் இந்தத் தொழிலுக்குத் தோதே கெடைக்குது!

இன்னொரு காரணம் வானம். குன்னூர், வெலிங்டன் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபர், நவம்பர்ல பின்னி எடுத்துடும். மண்சரிவு, ரயில் ரத்து எல்லாம் அப்பதான். டிசம்பர் பாதிக்கு மேல மெல்ல மெல்ல வானம் வெளுக்கும். ஜனவரியில மேகமே இல்லாத ராத்திரி வரும். போர்வை இல்லாத மாதிரி, தரையோட சூடெல்லாம் நேரா மேல போயிடும். குளிர்ந்த காத்து கனமானது, சரிவுல வழிஞ்சு பள்ளத்துல போய்த் தேங்கும். அதனாலதான் உறைபனி உச்சியில இல்லாம பள்ளத்துப் புல்வெளியில வெள்ளை விரிச்ச மாதிரி கிடக்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அதனால தலைக்குந்தா, காந்தல் பக்கம் அடிக்கிற அளவுக்கு இங்க அடிக்காது. நவம்பர்ல விழறதை நீர்ப்பனின்னும், டிசம்பர் கடைசியிலேர்ந்து விழறதை உறைபனின்னும் பிரிச்சுச் சொல்றது எங்க ஊர்ப் பழக்கம்.

வெயில் ஏறின ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல பனி மாயமாயிடும். சூரியன் தாழ்வா இருக்குறப்ப வர்ற மஞ்ச வெளிச்சமும் அந்த நேரம்தான். அதனாலதான் ஆறே கால் மணிக்குப் புடவை கட்டிக்கிட்டு நிக்கணும்ங்கிறாங்க. குளிர்ல பேட்டரி சீக்கிரம் உட்காரும்னு கேமரா தம்பி அதை உள் பாக்கெட்டுல உடம்போட ஒட்டி வெச்சிருந்தான். பேட்டரிக்கு இருந்த கவனிப்பு பொண்ணுக்கு இல்ல :-)

ஆனா நமக்கு அழகா இருக்குற அந்த வெள்ளை, தேயிலைக்கு எமன். ஒரு ராத்திரி நல்லா விழுந்தா மறுநாள் வெயில்ல கொழுந்தெல்லாம் கருகிடும். தோட்டக்காரங்க தழை போட்டு மூடுவாங்க, விடியக்காலையில தண்ணி தெளிப்பாங்க. அதையும் மீறிக் கருகினா, பறிக்கிறவங்களுக்கு வேலை கொறையும்.

ஊட்டியில் பிறந்த பிலிம்

நம்ம வீட்டு ஆல்பத்துல இருக்குற பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கும் நீலகிரிக் குளிருக்கும் ஒரு நேரடிச் சொந்தம் உண்டு. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960ல ஆரம்பிச்ச மத்திய அரசு நிறுவனம். பிரான்ஸ் நாட்டு பௌஷே கம்பெனியோட தொழில்நுட்ப உதவி. 1967ல உற்பத்தி தொடங்குச்சு. பேரு 'இந்து'. ஊட்டிக்குப் பக்கத்துல அந்த இடத்துக்கே இந்து நகர்னு பேராயிடுச்சு.

ஏன் மலையில வெச்சாங்க? பிலிம்ங்கிறது வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பூச்சு. தூசி ஆகாது, சூடு ஆகாது, நல்ல தண்ணி வேணும். மூணும் இங்க இருந்துச்சு. அயல்நாட்டுப் பிலிம் இறக்குமதி இறுக்கமா இருந்த காலம் அது. ரோல் பிலிம், போட்டோ பேப்பர், எக்ஸ்ரே பிலிம்னு நாடு பூரா போச்சு. எங்கேயோ மதுரையிலயோ தஞ்சாவூர்லயோ நடந்த கல்யாணப் படம், ஊட்டிக் குளிர்ல இருட்டு அறையில யாரோ பூசின பூச்சு மேல விழுந்த வெளிச்சமா இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பகல் பூரா இருட்டுல வேலை பார்த்த ஆளுங்க எங்க சொந்தத்துலயே இருந்தாங்க. வெளிய வந்தா கண்ணு கூசும்பாங்க.

(இதுல ஒரு கெமிஸ்ட்ரி ஒத்துமை: தாத்தா வேலை பார்த்த கார்டைட்டுல முக்கியச் சரக்கு நைட்ரோசெல்லுலோஸ். அந்தக் காலத்து சினிமா பிலிமும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான், தீப்பிடிச்சா அணையாது. இந்து பிலிம் வர்றதுக்குள்ள உலகம் பத்திக்காத பிலிமுக்கு மாறிடுச்சு.)

1990கள்ல இறக்குமதி திறந்து விட்டாங்க, கலர் வந்துச்சு, பின்னாடியே டிஜிட்டல் வந்துச்சு. கம்பெனி நலிஞ்சுது. பல வருஷ இழுபறிக்கு அப்புறம் ஆளுங்களை விருப்ப ஓய்வுல அனுப்பி மூடிட்டாங்க. ஆயிரக்கணக்கான குடும்பத்துக்குச் சோறு போட்ட இடம். அந்த ரோட்டுல போறப்ப நான் இன்னும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துடுவேன்.

சித்தப்பாவும் அவர் நோட்டும்

இனி சித்தப்பா கதை. அவர் குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கம் கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு நின்ன போட்டோகிராபர். (பார்க் 1874ல வந்தது, அதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.) யாஷிகா, பெட்டி மாதிரி இருக்கும். மேலேர்ந்து குனிஞ்சு பார்க்கணும். ஒரு ரோலுக்கு 12 படம். அதனால ஒரு ஜோடிக்கு ஒரு 'கிளிக்'தான், ரெண்டுன்னா பெரிய மனசு.

அந்த ஜோடிங்களை மலைக்குக் கூட்டிட்டு வந்தது சினிமான்னு சொன்னா தப்பில்ல. 1961ல ஸ்ரீதர் 'தேன் நிலவு' எடுக்கக் காஷ்மீருக்கே போனார். படம் பார்த்த நம்மாளுக்குக் காஷ்மீர் எட்டாது, ஊட்டி எட்டும். 1982ல 'மூன்றாம் பிறை' கடைசிக் காட்சி கேத்தி ரயில்வே ஸ்டேஷன்ல. அதுக்கப்புறம் அந்தச் சின்ன ஸ்டேஷன்ல எறங்கி நின்னு பார்க்காத ஜோடி கிடையாது. 1992ல 'ரோஜா'வுக்குக் காஷ்மீர் போக முடியாத நிலைமை. குன்னூர், ஊட்டி, மணாலின்னு சேர்த்துக் காஷ்மீராக்கினார் மணிரத்னம். தாத்தா துணியில வரைஞ்ச மலைக்கு முன்னாடி உக்காந்தார். இப்ப எங்க மலையே வேற மலைக்குத் துணியாயிடுச்சு!

சித்தப்பாகிட்ட வர்ற எல்லாரும் புதுசா கல்யாணம் ஆனவங்க. தாலியில மஞ்ச வாடை போயிருக்காது. கீழேர்ந்து வந்தவங்க, குளிர் தெரியாம வந்து பஜார்ல வாங்கின ஸ்வெட்டரை ரெண்டு பேரும் போட்டிருப்பாங்க. பட்டுப் புடவை தெரியணும்னா ஸ்வெட்டர் கழட்டணும். அப்பதான் அந்த வசனம். "ஒரு நிமிஷம் கழட்டிட்டு நில்லும்மா. குளிரு போட்டோவுல விழாது."

பணத்தை முன்கூட்டியே வாங்கிப்பார். ஒரு நோட்டுல அட்ரஸ் எழுதிக்குவார். ரோல் முடிஞ்சு, கழுவி, பிரிண்ட் போட்டு, அட்டை வெச்சுத் தபால்ல அனுப்பணும். அவங்க யாரோ, இவர் யாரோ. வெறும் நம்பிக்கை. ஏமாத்தினவங்களும் அந்தத் தொழில்ல இருந்தாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். சித்தப்பா நோட்டுல ஒவ்வொரு அட்ரஸுக்கும் பக்கத்துல ஒரு டிக் இருக்கும். டிக் இல்லாதது ரெண்டே ரெண்டு, தபால் திரும்பி வந்தது. அந்த ரெண்டு படத்தையும் கடைசி வரைக்கும் வெச்சிருந்தார்.

ஒரு நாள் ஒருத்தர் வீடு தேடி வந்தார். நடு வயசு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த படத்தோட நெகட்டிவ் வேணும்னார். வெள்ளத்துல வீட்டுல எல்லாம் போச்சாம், சம்சாரமும் அப்புறம் உடம்பு சரியில்லாம இறந்துட்டாங்களாம். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தது அந்தப் படம் ஒண்ணுதானாம். சித்தப்பா ஒரு சாயங்காலம் பூரா பெட்டியைக் கவுத்துத் தேடி எடுத்துக் குடுத்தார். காசு வாங்கல. அந்த மனுஷர் நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துட்டு ஒண்ணு சொன்னார்: "அன்னைக்கு இவளுக்கு என்ன குளிருங்கிறீங்க! ராத்திரி ஜுரமே வந்துடுச்சு."

அவர் போனப்புறம் சித்தப்பா ரொம்ப நேரம் பேசவே இல்ல. ஆனா அதுக்கப்புறம் ஸ்வெட்டர் கழட்டச் சொல்றதை நிறுத்திட்டார்னு சித்தி சொல்வாங்க. "இஷ்டம் இருந்தா கழட்டும்மா"ன்னு மாத்திக்கிட்டாராம்.

கையில கேமரா வெச்ச மொபைல் வந்துச்சு, அந்தத் தொழில் போச்சு.

முன்னாடி வந்த படம்

கல்யாணத்துக்கு முன்னாடி ஜோடியா வெளியில போய்ப் படம் எடுக்குறது ஒரு பெரிய தொழிலாவே முதல்ல வளர்ந்தது தைவான்ல. அங்க 1980கள், 90கள்லயே கல்யாணத்துக்கு முன்னாடி உடுப்பு, அலங்காரம், படம் எல்லாம் சேர்த்து ஒரே கடையில ஏற்பாடு பண்ணிடுவாங்க. அது ஹாங்காங், சீனா, சிங்கப்பூர்னு பரவி, 2010கள்ல நம்ம கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்துடுச்சு. மண்டப வாசல்ல ஆளுயர பேனர்ல ஜோடி நிக்கணும்னா, படம் முன்னாடியே வேணுமே! பின்னால வந்த அத்தாட்சி, முன்னால அழைப்பிதழாயிடுச்சு.

நீலகிரிக்கு இதனால வருமானம் உண்டு, தலைவலியும் உண்டு. ரயில் பாதையில எறங்கி நிக்கிறது குத்தம். 1899ல குன்னூருக்கும் 1908ல ஊட்டிக்கும் வந்த பாதை, 2005ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது, ஆனா பலருக்கு அது ஒரு 'பேக்ரவுண்ட்'. காப்புக் காட்டுக்குள்ள அனுமதி இல்லாம நுழையக் கூடாது. வெலிங்டன் கண்டோன்மென்ட், ராணுவ இடத்தைப் படம் எடுக்கக் கூடாது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே மாசம் ஐகோர்ட் உத்தரவுப்படி இ-பாஸ் முறையும் வந்துச்சு. இதுல எதையும் கண்டுக்காத ஜோடியும் உண்டு, போட்டோகிராபரும் உண்டு.

பனிமூட்டத்தைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். போட்டோக்காரனுக்கு மூட்டம்னா கொண்டாட்டம். வெளிச்சத்தை மெத்துன்னு ஆக்கும், பின்னாடி இருக்குற குப்பையெல்லாம் மறைக்கும்.

2021 டிசம்பர் 8. சூலூர்லேர்ந்து வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்கு வந்துட்டிருந்த எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர், காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரம் கிட்ட விழுந்துச்சு. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் மனைவி உட்பட 13 பேர் அன்னைக்கே இறந்தாங்க. வருண் சிங் ஒருத்தர் மட்டும் ஒரு வாரம் போராடி 15ஆம் தேதி போயிட்டார். மூட்டத்துக்குள்ள அந்த ஹெலிகாப்டர் நுழைஞ்சு மறையுற கடைசி சில வினாடி வீடியோவை உலகமே பார்த்துச்சு. அதை மொபைல்ல எடுத்தவர் கோயம்புத்தூர் கல்யாண போட்டோகிராபர் ஒருத்தர். நண்பர்களோட வந்து ரயில் பாதை பக்கம் நின்னுட்டிருந்தவர். அந்த மொபைலைப் போலீஸ் தடயவியல் சோதனைக்கு அனுப்பினாங்க. பள்ளத்தாக்குல திடீர்னு வானிலை மாறி, மேகத்துக்குள்ள போனதால விமானிக்குத் திசை நிதானம் தப்பிடுச்சுன்னு விமானப்படை விசாரணை 2022 ஜனவரியில சொல்லுச்சு.

அந்த வீடியோவைப் பார்க்குறப்பல்லாம் தோணும். நாம 'மூடு'ன்னு சொல்லி அழகு பார்க்குற அதே வெள்ளைதான் அது.

அன்னைக்கு முதல்ல ஓடினது நஞ்சப்பசத்திரம் ஜனங்க. தண்ணி ஊத்தி நெருப்பை அணைக்கப் பார்த்தாங்க. அடிபட்டவங்களைத் தூக்க வீட்டுல இருந்த கம்பளி, போர்வையெல்லாம் எடுத்துட்டு வந்து குடுத்துட்டாங்க. டிசம்பர் மாசம், அவங்க குளிருக்குன்னு வெச்சிருந்தது. அப்புறம் போலீஸும் ராணுவமும் அந்த ஊருக்கு வந்து நன்றி சொல்லிக் கம்பளி குடுத்தாங்க. எந்த வீடியோவுலயும் அந்தக் கம்பளி குடுத்த ராத்திரியோட குளிர் இல்ல.

மறுபடி தேயிலைச் சரிவு

சரி, நம்ம பொண்ணை நடுங்க விட்டுட்டு எங்கேயோ போயிட்டேன்.

ஏழரை மணிக்குக் கொழுந்து பறிக்க ஆறேழு பெண்கள் வந்தாங்க. கேமரா தம்பி, "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கம் நில்லுங்க, பிரேம்ல வர்றீங்க"ன்னான். அவங்களும் ஓரமா நின்னாங்க. அஞ்சு நிமிஷம் பத்தாச்சு, இருபதாச்சு. இந்தச் சரிவுகள்ல பாதி பேரோட பெரியவங்க 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல இலங்கையிலேர்ந்து கப்பலேறி வந்தவங்க. அவங்களுக்கு வேலை குடுக்கத்தான் அரசு தேயிலைத் தோட்டமே போட்டுச்சு. நாம 'பச்சைக் கம்பளம்'னு சொல்றது அவங்க வேலை பார்க்குற எடம். நாங்கதான் அவங்க பிரேம்ல நின்னோம், அவங்க எங்க பிரேம்ல இல்ல.

நான் தம்பியைக் கூப்பிட்டு, "போதும்பா, அவங்களுக்கு வேலை இருக்கு"ன்னேன். காவலுக்குப் போனதுல நான் பண்ணின உருப்படியான வேலை அது ஒண்ணுதான்.

அதுல வயசான ஒரு அம்மா பொண்ணுகிட்ட வந்து, "என்னம்மா, ஒதடெல்லாம் நீலம் பூத்துப் போச்சு. இப்படியா நிக்கிறது?"ன்னுட்டு, தன் பையிலேர்ந்து பாட்டிலை எடுத்து மூடியில வரட்டீ ஊத்திக் குடுத்தாங்க. பொண்ணு ரெண்டு கையாலயும் அதைப் புடிச்சுக் குடிச்சா. பாதியை மாப்பிள்ளைகிட்ட நீட்டினா. அவர் தன் ஜெர்க்கினைக் கழட்டி அவ தோள்ல போட்டார். நான் என் குல்லாவைக் குடுத்தேன். "தம்பி, இதை எடு"ன்னா பொண்ணு. "அக்கா, மேக்கப் கலைஞ்சிருக்கு, குல்லா வேற…"ன்னு இழுத்தான். "எடு"ன்னா. அப்புறம் அந்த அம்மாகிட்ட, "நீங்களும் நில்லுங்கம்மா, இஷ்டம் இருந்தா"ன்னா. அவங்க சிரிச்சுட்டு, "எனக்கு எதுக்கு"ன்னு சொல்லிட்டுப் பக்கத்துல வந்து நின்னுட்டாங்க.

மாசியில கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. மண்டப வாசல் பேனர்ல ஜார்ஜெட் புடவைப் படம்தான். ஆனா முன்னூத்திச் சொச்சம் படத்துல எங்கம்மா தனக்குன்னு ஒண்ணே ஒண்ணு கேட்டு வாங்கினாங்க. குல்லாவும் ஜெர்க்கினுமா, மூக்கு செவந்து, மூடியில டீயோட நிக்கிற படம். "இதுலதான் ரெண்டு பேரும் ஜோடி மாதிரி இருக்காங்க"ன்னாங்க. இப்ப அது தாத்தாவோட கொக்குப் படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு. அந்த அம்மாவுக்கு ஒரு பிரிண்ட் போட்டு நானே கொண்டு போய்க் குடுத்துட்டேன். சித்தப்பா நோட்டு மாதிரி, என் மனசுல ஒரு டிக்.

குளிரு போட்டோவுல விழாதுங்கிறது முழுசா உண்மை இல்ல போல. மறைக்காம இருந்தா கொஞ்சம் விழுது.

உங்க வீட்டு ஆல்பத்துலயும் ஊட்டி, குன்னூர்ல யாரோ ஒரு கேமராக்காரர் எடுத்துத் தபால்ல அனுப்பின படம் இருக்கலாம். எடுத்துப் பாருங்க. படத்துல இருக்கறவங்ககிட்ட, "அன்னைக்கு எவ்வளவு குளிரு?"ன்னு ஒரு தடவை கேளுங்க. அவங்க சொல்றதைப் பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.

டிஸ்கி: காவலுக்குப் போன மாமனுக்கு அந்த முன்னூத்திச் சொச்சம் படத்துல ஒண்ணு கூட இல்ல. குல்லா மட்டும்தான் இருக்கு. அவ்வ்வ்வ்…